மலையேறியாச்சா?

பெல்ஷோ துரை ஏரோப்பிளேன் வாங்கியது 1937ஆம் வருஷம். தேயிலை விலை விழுந்துவிட்டதென்று சொல்லி அதே துரை ஐம்பது குடும்பங்களுக்குப் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்து வேலையைவிட்டு அனுப்பி நாலு வருஷம்கூட ஆகவில்லை. அப்படியிருக்க ஏன் வாங்கினார் என்று கேட்காதீர்கள். துரைமார் ஆசைக்குக் காரணம் தேடுகிறவனுக்கு வேறு வேலை இல்லை என்று அர்த்தம். சென்னையில் எவரோ ஓட்டிச் சலித்துத் தள்ளிவிட்ட பழைய வண்டி அது. மேலும் கீழுமாக இரட்டைச் சிறகு, முன்னொன்று பின்னொன்றாக உட்கார இரண்டு குழி, மூக்கில் ஓர் ஆள் உயரத்துக்கு மரக் காத்தாடி. பன்விலவில் இருந்த துரையின் தோட்டம் முழுக்க ஏற்றமும் இறக்கமும் என்பதால், குண்டசாலைப் பக்கம் மகாவலி ஆறு வளைந்து போகிற இடத்தில் ஒரு புல்வெளியைப் பிடித்து, தகரக் கொட்டகை போட்டு, அதற்குள் அதை நிறுத்தினார்கள்.

அந்த வண்டிக்குச் சாவி கிடையாது. ஒருவன் முன்னால் நின்று காத்தாடியைக் கையால் இழுத்துச் சுற்றிவிட வேண்டும். அந்த ஒருவன் இராமையா. துரையின் கார் டிரைவர். கண்டியில் மஹய்யாவவில் குடியிருந்தான். பன்னிரண்டு வருஷமாக லொறியையும் காரையும் ஹேண்டில் போட்டுக் கிளப்பிப் பழகிய கை. ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைக்க வேண்டும், வளைத்துப் பிடித்தால் எஞ்சின் திருப்பி அடிக்கிறபோது மணிக்கட்டு போய்விடும் என்பதெல்லாம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஹேண்டில் சுற்றுகிறவனுக்குக் காத்தாடி ஒரு பெரிய காரியமா என்று துரை அவனையே நியமித்துவிட்டார். ஹேண்டில் அடித்தால் கை உடையும். காத்தாடி அடித்தால் என்ன மிஞ்சும் என்று துரை சொல்லவில்லை, இராமையாவும் கேட்கவில்லை.

அதைக் கொட்டகைக் காவல்காரனின் நாய் காட்டிக்கொடுத்தது. வேகமாகச் சுற்றுகிற காத்தாடி கண்ணுக்குத் தெரியாது. அந்த இடத்தில் வெறும் வெளிச்சம்தான் இருக்கும். இராமையாவிடம் பாண் துண்டுக்கு வாலாட்டி ஓடி வந்த நாய் அந்த வெளிச்சத்துக்குள்ளே புகுந்தது. சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கவில்லை. நாயில் ஒரு பாதியைப் புல்லிலும் மறுபாதியைக் கொட்டகைத் தகரத்திலுமாகப் பொறுக்கினார்கள். துரை அன்றைக்கும் பறந்தார்.

இராமையாவின் காக்கிச் சட்டையைத் துவைத்தவள் அவன் பெண்சாதி அங்கம்மா. மூன்று வாளித் தண்ணீர் மாற்றியும் சிவப்பு விடவில்லை.

“இது யாரு ரத்தம்?”

“நாயி ரத்தம் புள்ள. குறுக்க விழுந்துருச்சு.”

“அந்த எடத்துல என் தம்பி நிப்பானா?”

அவள் தம்பி மூக்கையாவுக்கு இருபத்துநாலு வயது. பன்வில ஸ்டோரில், அதாவது துரையின் தேயிலைத் தொழிற்சாலையில், இலை வறுக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் இராமையாவுக்குத் துணையாக ஏரோப்பிளேனின் குழிக்குள் உட்கார்ந்து சுவிட்சைப் பார்த்துக்கொள்வான். மலேரியாக் காய்ச்சல் வருஷத்தில் அங்கம்மாவின் அப்பா, அம்மா, அக்கா, அக்காவின் கைக்குழந்தை எல்லோரும் ஒன்றரை மாதத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிஞ்சியது மூக்கையா ஒருவன்தான்.

“நீங்க முன்னால நிக்கிறத நான் தடுக்க முடியாது. தொர வேல. ஆனா அவன் ஒக்காந்த எடத்துலதான் ஒக்காரணும். காத்தாடிக்கு முன்னால அவன் வரவே கூடாது. எனக்குப் பொறந்த வீடுன்னு இருக்கிறது அவன் ஒருத்தன்தான்” என்றாள் அங்கம்மா.

“மாரியாத்தா மேல சத்தியம். அவன் முன்னால வர மாட்டான்” என்றான் இராமையா. மனசார வைத்த சத்தியம்தான் அது.

காத்தாடி சுற்றுகிற வேலை இரண்டு கட்டமாக நடக்கும். முதல் கட்டத்தில் குழிக்குள் இருக்கிற இரண்டு சுவிட்சும் அணைந்திருக்க வேண்டும். எஞ்சினுக்குள் பெற்றோல் இழுபடுவதற்காகக் காத்தாடியை நாலைந்து தரம் சும்மா சுற்றுவார்கள். சும்மா என்பதால் மெதுவாகச் சுற்றலாம், உடம்பைக் கொடுத்துச் சாய்ந்துகூடத் தள்ளலாம். இரண்டாவது கட்டத்தில் சுவிட்சைப் போட வேண்டும். அப்போது ஒரே இழுப்பு. இழுத்த கையோடு பின்னால் துள்ளி விலகிவிட வேண்டும். முன்னால் நிற்கிறவனுக்கு எஞ்சின் மறைப்பதால் சுவிட்சு தெரியாது. குழிக்குள் இருப்பவனின் வாய்ச்சொல்லை நம்பித்தான் கை வைப்பான். அவன் உயிர் இன்னொருத்தனின் இரண்டு விரலில் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். சுவிட்சில் இருக்க வேண்டியவர் ஓட்டத் தெரிந்த துரை. ஆனால் துரையோ, காரையே டிரைவர் சூடாக்கி வாசலில் கொண்டுவந்து நிறுத்தினால்தான் ஏறுவார். ஏரோப்பிளேனுக்கும் அதே சட்டம்.

அவர் கற்றுக்கொடுத்த சொற்கள் இரண்டு: ஆன், ஆஃப். ஆற்றுக் காற்றில் இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்டன. ஒருநாள் மூக்கையா ஆன் என்று கத்த, இராமையா அதை ஆஃப் என்று எடுத்துக்கொண்டு காத்தாடியில் சாயப் போய், கடைசி நொடியில் சந்தேகப்பட்டுக் கையை எடுத்தான். தம்பிரான் புண்ணியம். அன்றைக்கே மச்சானும் மச்சானும் உட்கார்ந்து யோசித்துத் தங்களுக்கென்று வேறு சொல் வைத்துக்கொண்டார்கள்.

அவர்கள் வீட்டில் விளக்கை அணை என்று யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். அது அமங்கலம். மலையேத்து என்றுதான் சொல்வார்கள். விளக்கு அணைந்தால் அது மலையேறிவிட்டது. சாமி வந்து ஆடுகிறவன் அடங்கி விழுந்தால் சாமி மலையேறிவிட்டது. எஞ்சினும் உறுமுகிறது, ஆடுகிறது, நாயைப் பலி வாங்குகிறது. அதற்கும் அதே பேச்சு பொருந்தாதா? “சாமி மலையேறியாச்சா?” என்று முன்னாலிருந்து கேட்டால் சுவிட்சு அணைந்திருக்கிறதா என்று அர்த்தம். “மலையேறியாச்சு!” என்று குழியிலிருந்து பதில் வரும். “சாமி வரட்டும்!” என்றால் சுவிட்சைப் போடு. “வந்தாச்சு!” என்றால் போட்டாயிற்று. எவ்வளவு காற்றடித்தாலும் ஒன்று இன்னொன்றாகக் கேட்காத சொற்கள். ஐந்து மாதம் அவை இராமையாவைக் காப்பாற்றின. துரை தன் சிநேகிதர்களைக் கூட்டிவந்து இதைக் கேட்கவைத்துச் சிரித்தார்.

ஐப்பசியில் மூக்கையாவுக்குக் காய்ச்சல் கண்டது. பழைய காய்ச்சல்தான், ஒருநாள் விட்டு ஒருநாள் தூக்கிப் போடுகிற ஜாதி. அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வரவில்லை. துரைக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. தன் காரிலேயே இன்னொரு ஆளை ஏற்றிக்கொண்டு வந்தார்.

வந்தவர் மர்சூக் நானா; முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள். கண்டியில் கொழும்புத் தெருவில் மின்சாரச் சாமான் கடை வைத்திருந்தவர், ஐம்பது வயதிருக்கும். கண்டி டவுனில் பாதி வீடுகளுக்கு லைட் போட்டவர் அவர்தான். துரையின் பங்களாவுக்கும் அவரே கம்பி இழுத்திருந்தார். அடுத்ததாக ஸ்டோருக்கு லைட் போடுகிற வேலை முழுவதும் அவர் கைக்கு வருவதாகப் பேச்சு இருந்தது. இராமையாவை அவருக்கு நன்றாகத் தெரியும். டவுனுக்கு வந்தால் அவர் கடைப் படியில் ஒரு கோப்பைத் தேத்தண்ணீர் குடிக்காமல் இராமையா போகமாட்டான்.

“இவன் கரண்டு ஆள். சுவிட்ச் இவனுக்குத் தெரியும். அரை மணியில் நான் வரும். எஞ்சின் சூடு இருக்கணும்” என்று தன் தமிழில் சொல்லிவிட்டு, துரை ஆற்றோரத்து நண்பர் வீட்டுக்குக் காலைச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்.

இந்த இடத்தில் இராமையா வாயைத் திறந்திருக்க வேண்டும். குழிக்குள் எட்டிப் பார்த்து, இது இப்படி, இது அப்படி என்று விரலால் தொட்டுக் காட்டியிருக்க வேண்டும். ஊருக்கே விளக்குப் போட்ட மனிதனுக்கு ஒரு டிரைவர் போய்ச் சுவிட்சுப் பாடம் எடுப்பதா? கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதையாகிவிடாதா? கூச்சம் அவன் வாயை அடைத்தது.

“நானா, நான் சத்தம் போட்டுச் சொல்லுவேன். சொன்னதச் செஞ்சுட்டு, செஞ்சாச்சுன்னு நீங்க திருப்பிச் சத்தம் போடுங்க. அம்புட்டுத்தான்.”

“இது எனத்த பெரிய வேலையா? நீங்க செல்லுங்க, நான் செய்ற” என்றார் மர்சூக். பிஸ்மி சொல்லி வலது காலை முதலில் வைத்துக் குழிக்குள் இறங்கினார். சந்தோஷத்தில் முகம் விரிந்திருந்தது. தொப்பி காற்றில் பறக்காமல் இருக்க ஒரு கையால் அழுத்திக்கொண்டார்.

இராமையா சக்கரங்களுக்குக் கல் வைத்தான். பெற்றோலைத் திறந்து, சொட்டுகிற வரைக்கும் பொறுத்து, முன்னால் வந்து நின்றான். வழக்கமான சொல் வாய் வரைக்கும் வந்தபோது இன்னொரு கூச்சம் வந்து குறுக்கே நின்றது. ஐந்து வேளையும் தொழுகிற மனிதர். அவரைப் போய் நடு வெளியில் சாமி வந்தாச்சு, சாமி மலையேறியாச்சு என்று கத்தவைப்பது நியாயமில்லை. ஆகவே சாமியை மட்டும் எடுத்துவிட்டான்.

“நானா, மலையேத்துங்க!”

குழிக்குள் தொப்பி ஒருதரம் குனிந்து நிமிர்ந்தது.

“ஏத்தியாச்சு!”

சும்மா சுற்றுகிற சுற்றுத்தானே என்று இராமையா சாவகாசமாகக் காத்தாடியைப் பிடித்து, நெஞ்சு உரசுகிற அளவுக்குக் கிட்ட நின்று இழுத்தான். முதல் சுற்று போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவதில் எஞ்சின் ஒரு தரம் வெடித்தது. காத்தாடியில் கீழே போன இறக்கைக்குப் பின்னால் வந்த மற்ற இறக்கை அவன் வலது முன்கையில் விழுந்தது. பச்சை மரம் முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அடித்த வேகத்தில் அவன் பக்கவாட்டில் போய் விழுந்தான். எஞ்சின் குளிர்ந்து கிடந்ததால் அந்த ஒரு உதையோடு நின்றுவிட்டது. இன்னொரு உதை உதைத்திருந்தால் இந்தக் கதையை இத்தோடு முடித்திருக்கலாம்.

கையில் இரண்டு எலும்பும் முறிந்திருந்தன. ஆஸ்பத்திரியில் பலகை வைத்துக் கட்டி அனுப்பினார்கள். துரை வந்து பார்த்து, அவன் கை சேருகிற வரைக்கும் தான் பறக்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். உண்மையாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார். துரைமாரின் வருத்தத்துக்கு எத்தனை நாள் ஆயுசு என்பதுதான் கேள்வி.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் மர்சூக் நானா மஹய்யாவவுக்கு வந்தார். அதே நேரத்தில் தோட்டத்துப் பெரிய கணக்கப்பிள்ளையும் வந்திருந்தார். விபத்து எப்படி நடந்தது, யார் பிழை என்று எழுதிவரச் சொல்லித் துரை அனுப்பியிருந்தார். கணக்கப்பிள்ளை கதிரையில் சாய்ந்து மடியில் காகிதத்தோடு காத்திருந்தார். மர்சூக் உட்காரவில்லை.

“ரெண்டு நாளா எனக்குத் தூக்கம் இல்ல, இராமையா. நான் குந்தின உடனே பாத்த, ரெண்டு சுவிட்சும் கீழ இரிந்திச்சி. துரை ஆன்லயே வுட்டுட்டுப் போயிட்டாருண்டு நெனச்ச. அந்நேரம் பாத்து நீங்களும் ஏத்துங்கண்டு செல்லிட்டீங்க. ரெண்டையும் மேல போட்ட. அல்லாஹ் மேல ஆணை, மேலதான் போட்ட. பின்ன எப்பிடி அது வெடிச்சிச்சி? நான் எனத்த பிழை செஞ்சேன்?”

இராமையாவுக்கு ஒரு வினாடியில் எல்லாம் விளங்கிவிட்டது. வீட்டில் லைட்டுச் சுவிட்சைக் கீழே தட்டினால் எரியும், மேலே தட்டினால் அணையும். ஏரோப்பிளேன் செய்தவர்கள் அதைத் தலைகீழாக வைத்துத் தொலைத்திருந்தார்கள். அதில் மேலே போட்டால்தான் உயிர் வரும். மர்சூக் வாழ்நாளெல்லாம் மேலே போட்டு அணைத்தவர். மலையேத்து என்றால் அவர் காதுக்கு மேலே ஏற்று என்பதைத் தவிர வேறு அர்த்தமே கிடையாது. அவர் வீட்டில் விளக்கை அணைப்பதை நூர்ப்பது என்பார்கள், மலையேற்றமாட்டார்கள். பழக்கம் மேலே என்றது, சொல்லும் மேலே என்றது. பாவி மனிதர் இராமையாவைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு எமனைத் திறந்துவிட்டிருக்கிறார்.

மேலே போட்டால் பற்றும் நானா, கீழே போட்டால்தான் அணையும். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. ஆனால் கணக்கப்பிள்ளையின் பென்சில் காகிதத்தின்மேல் நின்றது. அது எழுதினால் ஸ்டோர் வேலை மர்சூக்குக்கு இல்லை; கரண்டுகாரனுக்குச் சுவிட்சு தெரியாதாம் என்று டவுன் முழுக்கச் சிரிக்கும். அடுத்த கேள்வி இராமையா பக்கம் திரும்பும்: தெரிந்த நீ ஏன் சொல்லிக்கொடுக்கவில்லை? எதிரே நின்ற மனிதர் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க செஞ்சது சரிதான் நானா. என் கைதான் வழுக்கிருச்சு” என்றான்.

“மேல போட்டது சரியா?”

“சரிதான்.”

மர்சூக் முகத்தைத் துடைத்துக்கொண்டு “அல்ஹம்துலில்லாஹ்” என்றார். கணக்கப்பிள்ளை எழுதி முடித்தார்.

அவர்கள் போன பிறகு அங்கம்மா கேட்டாள்: “நெசமாவே கைதான் வழுக்குச்சா?”

“ஆமா.”

சனிக்கிழமை கடைக்குப் போய், ஆள் இல்லாத நேரம் பார்த்து, தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே பக்குவமாகச் சொல்லிவிடலாம் என்று இராமையா கணக்குப் போட்டிருந்தான். துரைதான் பறக்கப்போவதில்லையே, என்ன அவசரம்? சனிக்கிழமை கை வீங்கியிருந்தது, மழையும் கொட்டியது. திங்கட்கிழமை போகலாம் என்று இருந்துவிட்டான். நல்ல மனசு என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறதில் பாதி இந்த மாதிரிச் சோம்பேறித்தனம்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு மர்சூக்கின் பெண்சாதி மஸீனா ஒரு தட்டை மூடி எடுத்துக்கொண்டு வந்தாள். நோயாளிக்கென்று இனிப்பாக வட்டிலப்பம் அவித்திருந்தாள். அங்கம்மா தட்டை வாங்கி, உட்காரச் சொல்லி, நானா சுகமா என்று விசாரித்தாள்.

“சுகம்தான். விடிய சுபஹு தொழுதிட்டு அப்பிடியே குண்டசாலைக்குப் போயிட்டாங்க. நேத்து அந்தி மக்ரிபுக்குத் துரை ஆள் அனுப்பின. கொழும்புலேர்ந்து அவர்ட கூட்டாளிமார் வந்தீக்காங்களாம், பிளேன் காட்டணுமாம்.”

கட்டிலில் கிடந்த இராமையா எழுந்து உட்கார்ந்தான். “சுத்துறது யாரு?”

“ஒங்கட மச்சான்தானாம். மூக்கையா. காய்ச்சல் நல்லாயிட்டாம்.” மஸீனா அவனை ஆறுதலாகப் பார்த்துச் சிரித்தாள். “இவங்களுக்கு முன்ன பயம் இரிந்திச்சி. இப்ப இல்ல. மேல போட்டது சரிண்டு இராமையாவே செல்லிட்டாரு, அப்பிடியே செஞ்சா போதுமெண்டு செல்லிட்டுத்தான் போன.”

அங்கம்மாவின் கையில் தட்டு அப்படியே நின்றது. “அவன் காத்தாடிக்கு முன்னாலயா?” என்று அவள் கேட்கும்போதே இராமையா வாசலைத் தாண்டியிருந்தான். அவளும் பின்னாலேயே ஓடினாள்.

மஹய்யாவச் சந்தியில் மஹ்ரூப்பின் வாடகைக் கார் நின்றது. ஏறி உட்கார்ந்து குண்டசாலை என்று மட்டும் சொன்னான். என்ன, ஏது என்று அங்கம்மா வழி முழுக்கக் கேட்டாள். அவன் பதில் சொல்லாமல், வேகமாகப் போ, ஹோர்ன் அடி என்று மஹ்ரூப்பையே விரட்டிக்கொண்டிருந்தான். சொல்ல எப்படி முடியும்? சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்லாதவன் பெண்சாதியிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

அவனுக்குள் நம்பிக்கைகள் ஒவ்வொன்றாக வந்து போயின. மூக்கையா முழுசாக, சாமி மலையேறியாச்சா என்றுதான் கேட்பான், விளங்காமல் மர்சூக் எனத்த என்று திருப்பிக் கேட்பார், கேட்டால் பிழைத்தான். கூட்டாளிகள் இருப்பதால் துரையே ஏறி உட்கார்ந்திருப்பார், உட்கார்ந்தால் பிழைத்தான். காய்ச்சலில் கிடந்தவன், நேரத்துக்கு எழுந்திருக்கமாட்டான். ஞாயிற்றுச் சந்தைக்கு மரக்கறி ஏற்றிவந்த மாட்டு வண்டிகள் வழியை அடைத்தன. இராமையா ஒற்றைக் கையைக் காரின் பக்கத்துத் தகரத்தில் அடித்துக் கத்தினான். உடைந்த கை வலிப்பதாகவே தெரியவில்லை.

மகாவலிப் பாலத்தைக் கடந்து அரை மைல் போயிருப்பார்கள். தென்னைகளுக்கு அப்பால் எஞ்சின் சத்தம் கேட்டது. ஓர் உறுமல், மூன்று எண்ணுகிற நேரம். அப்புறம் நின்றுவிட்டது.

“கெளம்பி நிண்டிட்டு போல” என்றான் மஹ்ரூப்.

இராமையாவுக்குத் தெரியும்: ஒழுங்காகக் கிளம்பிய எஞ்சினை மூன்று எண்ணுவதற்குள் யாரும் நிறுத்தமாட்டார்கள்.

புல்வெளியில் ஏரோப்பிளேன் கொட்டகைக்கு வெளியே, வெயிலில் நின்றது. காத்தாடியில் ஓர் இறக்கையின் நுனி பிளந்திருந்தது. கொழும்புக் கூட்டாளிகள் தொலைவில், ஒருவரோடொருவர் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருத்தன் குனிந்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்தான். துரை டொக்டர், டொக்டர் என்று கத்தியபடி தன் காரை நோக்கி ஓடினார். டொக்டருக்கு அங்கே வேலை இல்லை. மூக்கையா எஞ்சினின் மூக்குக்குக் கீழே மல்லாந்து கிடந்தான். அவன் தலையைக் காவல்காரன் ஒரு சாக்கால் மூடியிருந்தான். அங்கம்மா போட்ட சத்தம் ஆற்றுக்கு அக்கரை வரைக்கும் கேட்டிருக்கும். ஓடிப்போய்த் தம்பியின் காலைக் கட்டிக்கொண்டு விழுந்தாள்.

காவல்காரனும் இன்னொருத்தனும் உடம்பை வெளியே இழுக்க வந்தார்கள். வழியில் நின்ற காத்தாடி இறக்கையை ஒருத்தன் தோளால் தள்ளி விலக்கப் போனான்.

“தொடாத! காத்தாடியத் தொடாத!” என்று இராமையா அலறினான். “எல்லாரும் பின்னால போங்க! எஞ்சினுக்கு இன்னும் உசிரு இருக்கு!”

அவர்கள் பயந்து விலகினார்கள். இராமையா சிறகைச் சுற்றிக் குழிப் பக்கம் போனான்.

மர்சூக் நானா உள்ளேயே உட்கார்ந்திருந்தார். தொப்பி விழுந்துவிட்டிருந்தது. வலது கையின் இரண்டு விரல்களால் இரண்டு சுவிட்சையும் மேல்நோக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். அழுத்திய அழுத்தத்தில் நகங்கள் வெளுத்திருந்தன.

“வுடல்ல, இராமையா. பாருங்க, இன்னும் வுடவே இல்ல” என்றார். குரல் சின்னப் பிள்ளையின் குரலாகியிருந்தது. “அந்தப் புள்ள மலையேறியாச்சாண்டு கேட்டிச்சி. ரெண்டும் கீழ இரிந்திச்சி. மேல ஏத்திட்டு ஏத்தியாச்சுண்டு செல்லின. நீங்க செல்லின மாதிரித்தானே செஞ்சேன். சரிண்டு நீங்கதானே செல்லின?”

அங்கம்மாவின் அழுகை சட்டென்று நின்றது.

இராமையா இடது கையை உள்ளே விட்டு, மர்சூக்கின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தான். எடுத்துவிட்டு, இரண்டு சுவிட்சையும் கீழே தட்டினான்.

மர்சூக் சுவிட்சைப் பார்த்தார். இராமையாவைப் பார்த்தார். மறுபடியும் சுவிட்சைப் பார்த்தார்.

“கீழயா?” என்று கேட்டார்.

இராமையா திரும்பிப் பார்த்தான். பின்னால் அங்கம்மா எழுந்து வந்து நின்றிருந்தாள். அவள் சேலை முழுக்க ஈரமாயிருந்தது.

“அவரு கேக்குறாருல்ல” என்றாள். “இப்பவாச்சும் சொல்லுங்க.”

“ஆமா நானா” என்றான் இராமையா. “கீழதான்.”